மொய் நோட்டும் நன்கொடைப் பதிவேடும்: வேலூர் வட்டாரச் சிறு அறக்கட்டளைகள் நிதி திரட்டும் முறை

கல்யாண மண்டபத்து வாசலில் மொய் எழுத உட்காருபவரைச் சற்று நேரம் கவனித்தால் நிதி திரட்டலில் பாதி விளங்கிவிடும். கொடுப்பவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை ஆகிய நான்கையும் அவர் கேட்டு எழுதுகிறார், சந்தேகம் வந்தால், "எந்தக் காட்பாடி, காந்தி நகரா, பழைய காட்பாடியா?" என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொள்கிறார். அந்த நோட்டு நகைகளோடு பீரோவில் இருக்கும். பத்து வருடம் கழித்து மொய் வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால், அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் கிளம்புவார்கள். குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளைக்கு நான் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்திருக்கிறேன். தொடக்கத்தில் எங்களிடம் இந்த அளவுக்குக்கூடப் பதிவு இருந்ததில்லை.

முதல் நன்கொடை பெரும்பாலும் கேட்பவரின் முகத்துக்காக வருகிறது. இரண்டாவது நன்கொடை, முதலாவதைப் பெற்ற பின் நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தே வரும். ஆகவே இந்த வழிகாட்டியில் கேட்பதைவிடக் கேட்டபின் செய்யவேண்டியவற்றுக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

கேட்பதற்கு முன் போடவேண்டிய கணக்கு

"உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டால் கைக்கு வந்த சில்லறைதான் வரும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பவருக்கே தெரியவில்லை என்பதை அந்த வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எங்கள் கணக்கை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பிள்ளைகள் 40 பேர். ஆசிரியர்கள் இருவருக்கு மதிப்பூதியம் மாதம் 12,000 ரூபாய், வாடகை 2,500, மின்கட்டணம் 500, நோட்டுப் புத்தகமும் சுண்டலும் 3,000. இத்தோடு நிறுத்தி, மாதம் 18,000 ரூபாய் என்று பல காலம் சொல்லிவந்தோம். ஆண்டுக் கடைசியில் ஒவ்வொரு முறையும் கையைக் கடித்தது. தணிக்கைக் கட்டணம், அச்சுச் செலவு, தபால், பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்ந்து மாதம் 2,000 ரூபாய் ஆகிறது என்பதையும், அதைக் கேட்கக் கூச்சப்பட்டு எங்கள் கையிலிருந்தே போட்டுவந்தோம் என்பதையும் பின்னர்தான் ஒப்புக்கொண்டோம். மொத்தம் 20,000, அதாவது ஒரு பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய். இந்த ஒரு எண்ணைச் சொல்லத் தொடங்கிய பிறகு, ஒரு பிள்ளையின் செலவை ஏற்பதா, இரண்டு பிள்ளைகளின் செலவை ஏற்பதா என்று கொடுப்பவரே யோசிக்கத் தொடங்கினார்.

அன்னதானத்துக்குப் பணம் கேட்பது நம் ஊரில் எளிது. பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஒரு வேளைச் சாப்பாடு போடுவதாக அவர்களே முன்வருவார்கள். ஆசிரியர் சம்பளத்துக்குக் கேட்பதுதான் கடினம். அதற்காகச் சம்பளத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் ஒளித்துவைக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு வந்தது சாப்பாட்டுக்கே போகட்டும். அடுத்த முறை அவர் வரும்போது ஆசிரியரையே அறிமுகப்படுத்திப் பேசவிடுங்கள்.

யாரிடம், எந்த வேளையில்

பணக்காரர் பட்டியலோடு தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. உங்கள் வேலையை ஏற்கெனவே அறிந்தவர்களின் பட்டியலே முதலில் வேண்டும். பழைய வட ஆற்காடு முழுவதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள். மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்கும் இவர்கள் பெரிய தொகை தராவிட்டாலும், ஆண்டு முழுவதும் தவறாமல் தருவார்கள். வாடகை கொடுக்கவேண்டிய அறக்கட்டளைக்கு, எப்போதோ வரும் லட்சத்தைவிட மாதாமாதம் வரும் ஐந்நூறுகள் மேலானவை.

வேளை பார்ப்பதும் முக்கியம். லாங் பஜாரிலோ மண்டித் தெருவிலோ கடைக்காரரைக் காலையில் போணி ஆகுமுன் கேட்கக் கூடாது. விளக்கு வைக்கும் நேரத்திலும், வெள்ளிக்கிழமையிலும் கையிலிருந்து பணம் கொடுக்கப் பலர் விரும்புவதில்லை. பிற்பகல் மூன்று மணி, கடையில் கூட்டம் குறைந்து அவர் தேநீர் குடிக்கும் நேரம், பேச ஏற்றது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்பதால் அதைத் தவிர்த்து, தீபாவளி போனஸ் வந்தபின் தோல் தொழிற்சாலை, காலணித் தொழிற்சாலை ஊழியர்களிடம் செல்லலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் ரமலான் மாதத்தில் ஜகாத், அதாவது முஸ்லிம்கள் கடமையாகத் தரும் தானம், கணக்கிடுபவர்கள் ஏராளம். ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் யார் என்பதற்கு வரையறை உண்டு. கொடுப்பவருக்கு அது கடமை சார்ந்த விஷயம். ஆகவே அந்தப் பணத்தை வாடகைக்கோ தணிக்கைக் கட்டணத்துக்கோ திருப்பிவிடாமல், தனிக் கணக்காக வைத்து, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிவிக்கவேண்டும். பொதுச் செலவுக்கு வேண்டுமென்றால் சதக்காவாக, அதாவது விரும்பித் தரும் தானமாகத் தர இயலுமா என்று வெளிப்படையாகவே கேட்கலாம். இந்த வேறுபாடு தெரிந்து வந்திருக்கிறார்களே என்பதற்காகவே இரண்டும் தந்தவர்கள் உண்டு.

கேட்கும் முறை

கையேந்துவது இழிவு என்று பள்ளிப் பருவத்திலேயே படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் கேட்கும்போது ஒன்று குழைகிறோம், அல்லது சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கேட்காமலேயே திரும்பிவிடுகிறோம். இதற்கு வேலூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1899இல் மருத்துவப் படிப்பை முடித்தவரும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நிறுவனருமான ஐடா ஸ்கடர், வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்புடன் நியூயார்க்கில் ஓர் அம்மையாரைச் சந்தித்து, இங்குள்ள பெண்கள் பிரசவத்தில் மடிவதைப் பற்றிப் பேசினார். அந்த உரையாடலைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறுநாள் அவரை வரவழைத்து, மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. தமக்கு எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்பது ஐடாவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கொடுத்தவருக்கோ வேலூர் என்ற ஊரைவிடத் தம் மனைவியின் பெயரே நெருக்கமாக இருந்தது. கொடுப்பவருக்குள் இப்படி ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கும். அதை அறிய நாம் பேசுவதைக் குறைத்து அவரைப் பேசவிடவேண்டும். தொகையைச் சொன்னபின் வாயை மூடிக்கொண்டிருப்பது என்னைப் போன்றவர்களுக்கு மிகக் கடினம், ஆனால் அந்த மௌனத்தை நாமே கலைத்து, "இல்லை, பாதி கொடுத்தாலும் போதும்" என்று சொல்லிவிடக் கூடாது.

ரசீதும் கடிதமும்

சத்துவாச்சாரியில் வசித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்களுக்கு மாதம் 500 ரூபாய் தந்துவந்தார். நான்காம் ஆண்டில் பணம் நின்றது. இரண்டு மாதம் பொறுத்துவிட்டு நேரில் போனேன். உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்து, நாங்கள் அனுப்பிய கடைசிக் கடிதத்தை மேசைமீது என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "மதிப்பிற்குரிய நன்கொடையாளருக்கு" என்று அச்சிட்ட கடிதம். பெயருக்கான இடம் கோடாகவே இருந்தது. "நாலு வருஷமா குடுத்துகினு வரேன்பா. எம் பேர் உங்க நோட்டுல இல்லையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த உறையில் முதல் இரண்டு ஆண்டு ரசீதுகள் அடுக்காக இருந்தன. அதற்குப் பின் நாங்கள் ரசீதே அனுப்பவில்லை என்பதை அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அன்று முதல் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். பணம் வந்த இரண்டு நாளுக்குள் ஒருவர் போனில் பேசுவார்; ஏழு நாளுக்குள் பெயரும் முன்னெழுத்தும் பிழையின்றி ரசீது போய்ச் சேரும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பணம் கேட்காத கடிதம் ஒன்று செல்லும். இந்தக் கடைசி விதியில் எவ்வளவு பிடிவாதம் காட்டினாலும் தகும். அதில் வகுப்பறையில் நடந்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுகிறோம்: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பின்னக் கணக்கில் எங்கே தடுமாறினாள், ஆசிரியர் பீடிக்கட்டை வைத்து எப்படி விளக்கினார் என்பது போல. பிள்ளையின் பெயரையும் முகத்தையும் வெளியிடுவதில்லை. ஏழ்மையைப் படம்பிடித்து அனுப்பினால் ஒருமுறை பணம் வரலாம். அந்தப் பிள்ளையின் தாய் அதைப் பார்த்தால் வகுப்பே காலியாகிவிடும்.

தவறு நேர்ந்தால் அதையும் கடிதத்தில் எழுதவேண்டும். ஒரு ஆசிரியர் விலகியதால் ஆறு வாரம் வகுப்பு நடக்கவில்லை என்று எழுதிய ஆண்டில் எங்களுக்கு நன்கொடை குறையவில்லை; "பாடம் நடத்த நான் வரட்டுமா?" என்று கேட்டு இருவர் வந்தார்கள்.

வரியும் சட்டமும்

தனியார் அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடைக்கு, வருமான வரியில் 80ஜி என்று வழங்கும் பிரிவின் வழியாகக் கிடைக்கும் சலுகை பொதுவாகத் தொகையில் பாதிக்குத்தான். 30 விழுக்காடு வரி செலுத்துபவர் 10,000 ரூபாய் தந்தால் வரிக்குரிய வருமானத்தில் 5,000 கழிவாகி, ஏறத்தாழ 1,500 ரூபாய் மிச்சமாகும். அதற்கும் அவர் பழைய வரி முறையில் இருக்கவேண்டும். புதிய முறைக்கு மாறிய சம்பளதாரருக்கு இந்தச் சலுகை இல்லை என்பதால், "வரி மிச்சம்" என்பதையே முதல் வார்த்தையாகச் சொல்லிக் கேட்பது இப்போது பயன் தராது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும், அரிசி, துணி போன்ற பொருளாகத் தந்தாலும் கழிவு கிடையாது. இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். மார்ச் கடைசியில் அவருடைய தணிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொண்டால் நம்மீதுதான் வருத்தம் வரும்.

நன்கொடையாளர் விவரங்களை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து சான்றிதழ் பெற்றுத் தந்தால்தான் அவர் கழிவைக் கோரமுடியும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் விதிக்கப்பட்டுவந்தது. க்யூஆர் அட்டை வைத்த பிறகு இதில் ஒரு சங்கடம்: பணம் வரும், பெயர் பாதி வரும், பான் எண் வராது. எனவே அட்டைக்குக் கீழேயே, பெயர், முகவரி, பான் எண்ணை அனுப்பவேண்டிய வாட்ஸ்அப் எண்ணை அச்சிடுங்கள். கொடுத்தவர் யாரென்றே பதிவில்லாத தொகை வரம்பைத் தாண்டினால் அறக்கட்டளையே 30 விழுக்காடு வரி கட்ட நேரும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. ரசீதுப் புத்தகத்தை ஆயிரக்கணக்கில் அச்சிடுமுன் தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.

வேலூரில் படித்த செவிலியர்களும் மருத்துவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது நிச்சயம் உங்களிடம், "அனுப்பட்டுமா?" என்று கேட்பார்கள். இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வேலை செய்பவர் தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊரில், அதே மருத்துவமனையில் வேலை செய்யும் அவருடைய தோழி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் அனுப்பும் நூறு ரூபாய்க்கும் எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு செயல்பாடும், அந்த மூன்றாண்டில் 15 லட்ச ரூபாய் நற்பணிச் செலவும் காட்டவேண்டும். பணம் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேரவேண்டும். ஆகவே வெளிநாட்டிலிருந்து பணம் வருமுன் கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதியை, அதாவது சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓராண்டு நிகர லாபம் 5 கோடியையோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ, நிகர மதிப்பு 500 கோடியையோ எட்டிய கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிடவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். பெறும் அமைப்புக்கு மூன்றாண்டு அனுபவமும் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவும் தேவை. உள்ளூருக்கு முன்னுரிமை என்பதால் நாங்கள் ராணிப்பேட்டையிலுள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போனோம். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் குடியாத்தம் தங்களுக்கு "வேறு மாவட்டம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதலில் உங்கள் மாவட்டத்து எல்லைக்குள் தேடுங்கள்.

மறுக்கவேண்டிய பணமும் கைமாறவேண்டிய நோட்டும்

காசோலையாக ஒரு லட்சம் தருகிறேன், ரசீது கொடுங்கள், எண்பதாயிரத்தை ரொக்கமாகத் திருப்பிவிடுங்கள் என்று கேட்பவர் ஒருநாள் வருவார். பெரும்பாலும் நமக்கு வேண்டியவர் ஒருவரே அழைத்துவருவார். அது வரி ஏய்ப்பு. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, நடந்ததைக் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

நன்கொடையாளர் விவரம் செயலாளரின் கைப்பேசியில் மட்டும் இருந்தால், அவர் விலகும் நாளில் உறவுகளும் அவரோடு போய்விடும். எங்களிடம் கணினிப் பதிவும் உண்டு, நீள நோட்டும் உண்டு. நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, தொகை, ரசீது எண்ணோடு, பேச்சில் தெரிந்துகொண்டவற்றையும் எழுதிவைக்கிறோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் தரத் தொடங்கிய அந்தத் தலைமையாசிரியரின் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "கணக்கு ஆசிரியராகத் தொடங்கியவர். கண் அறுவை ஆகியிருக்கிறது, கடிதத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடவும். ஜூனில் போன் செய்யவேண்டாம், பேத்திக்குக் கல்லூரிக் கட்டணம். வகுப்புக்கு ஒருநாள் வர ஆசைப்படுகிறார், ஆட்டோ அனுப்பவேண்டும்."