குளச்சல் போர் நாடகத்தில் அடிபட்டவனைத் தூக்கும்போது

குளச்சல் போர் நாடகம் என்றால் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் மீசைக்கும் டச்சு அதிகாரி டிலனாயின் தொப்பிக்கும்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். அடிபட்டு விழுகிறவனைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. ஒரு பள்ளி ஒத்திகையில் டச்சுத் துப்பாக்கி வெடித்ததும் பையன் ஒருவன் விழுந்தான். உடனே செஞ்சிலுவை போட்ட ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போர் நடந்தது 1741-இல். செஞ்சிலுவைச் சின்னத்துக்கு ஒப்பந்தம் போட்டதே 1864-இல், ஜெனீவாவில். சண்டைக்கு நடுவே ஆள் வந்து தூக்கிப்போவதும் அன்றைக்குச் சாதாரணம் இல்லை. ஐரோப்பியப் படைகளிலேகூட அடிபட்டவன் பெரும்பாலும் சண்டை ஓயும்வரை விழுந்த இடத்தில் கிடப்பான், அல்லது கூட்டாளி யாராவது இழுத்துப் போட்டால் உண்டு. பிரெஞ்சுப் படை மருத்துவர் லாரே 1790-களில் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று இலகுவான குதிரை வண்டிகளைக் களத்துக்குள் விட்ட பிறகுதான் அது மாறத் தொடங்கியது. ஆகவே மேடையில் ஸ்ட்ரெச்சர் வேண்டாம். ஒற்றை மூங்கிலில் கெட்டித் துணியைத் தூளி மாதிரி கட்டித் தூக்குங்கள். திருவிதாங்கூரில் வசதியானவர்கள் பயணம் போன மஞ்சலும் அந்த மாதிரிதான். பின்னாளில் வெள்ளைக்காரன் படையும் காயம்பட்டவர்களை டோலியில்தான் சுமந்தது.

அடுத்தது, நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் சினிமாத்தனம். பத்தடி தூரம் தப்பிக்க அது சரி. தொடை எலும்பு முறிந்தவனை அப்படித் தூக்கினால் எலும்பு முனை உள்ளே சதையைக் கிழித்துவிடும். முதல் உலகப் போரில், தூக்குவதற்கு முன்பே களத்தில் வைத்துக் காலை இழுத்துக் கட்டும் 'தாமஸ் ஸ்ப்ளின்ட்' என்ற கம்பிச் சட்டகம் பரவிய பிறகு அந்தக் காயத்தால் சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

பின்னால் வரும் காலத்துக் கதை என்றால் ஸ்ட்ரெச்சர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பரேடு மாதிரி இருவரும் ஒரே காலை வைத்து நடக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் வைத்து நடந்து பாருங்கள். நாங்கள் பார்த்தோம், ஏழெட்டு அடியில் பாதித் தண்ணீர் காலி. முன்னால் இருப்பவர் இடது காலும் பின்னால் இருப்பவர் வலது காலும் எடுத்து வைத்ததும் ஆட்டம் அடங்கியது. சமதரையில் அடிபட்டவரின் கால் முன்னே போக வேண்டும். "பொணத்தையில்லா அப்படிக் கொண்டுபோவாங்க" என்றார் ஒரு பெரியவர். பின்னால் தூக்குகிறவர் அடிபட்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரத்தான் இந்த ஏற்பாடு. மேட்டில் ஏறும்போது தலையை முன்னே திருப்பிக்கொள்வார்கள்.

இரண்டே பேர் கடைசிவரை தூக்குவதும் நம்பும்படி இருக்காது. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின்போது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். சில நாட்களில் அவர்கள் 20, 25 மைல் சுமந்திருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புகிற தூரம் அது. ஆள் மாற்றி மாற்றித்தான் முடியும்.

ஒன்று மட்டும்: இதெல்லாம் மேடைக்கு. பனையிலிருந்து விழுந்தவரையோ பைக்கில் அடிபட்டவரையோ இப்படித் தூக்கிப் பார்க்காதீர்கள், ஆட்டோவில் மடக்கியும் திணிக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், மூங்கிலை முதலிலேயே சோதித்துவிடுங்கள். எங்கள் ஒத்திகையில் அது வில்லாக வளைந்ததைப் பார்த்த டீச்சர், குண்டடி படும் வேஷத்தை வகுப்பிலேயே ஒல்லியான பையனுக்கு மாற்றிவிட்டார்.