ஃபிஜிக்குக் கப்பலேறிய முன்னோரின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பியது 1879-ல் கல்கத்தாவில் தொடங்கியது. சென்னைத் துறைமுகம் இதில் சேர்ந்தது 1903-ல், 'எல்பி' கப்பலோடு. கடைசிக் கப்பலான 'சட்லெஜ்' 1916 நவம்பர் 11 அன்று ஃபிஜி போய்ச் சேர்ந்தது. மொத்தம் 60,000 பேருக்கு மேல் போனார்கள். அதில் சுமார் 15,000 பேர் சென்னை வழியாகப் போனவர்கள். கப்பலேறும்போது எழுதப்பட்ட எமிகிரேஷன் பாஸில் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். அந்தத் தாள்கள் இன்றும் ஃபிஜித் தலைநகர் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியபோது, ஃபிஜியின் ஆவணங்களும் அதில் சேர்ந்தன.

ஆகவே, ஊர் பெயர் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். உங்கள் முன்னோருடைய பாஸ் எது என்று உறுதி செய்வதுதான் வேலை. கப்பல் பெயரும் பாஸ் எண்ணும் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

தேடலை ஃபிஜியில் தொடங்குங்கள்

பலரும் நேராகப் பாஸ் அட்டவணைக்குப் போய் 'ராமசாமி' என்று தேடுகிறார்கள். நூற்றுக்கணக்கில் வரும், அதில் எவர் நம்மவர் என்று சொல்ல வழியிருக்காது. அதனால் உங்களிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஃபிஜியில் பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளையின் பிறப்புப் பதிவு, கிர்மிட்டில் (ஒப்பந்தக் கூலி வேலைக்கு) வந்தவரின் திருமணப் பதிவு, அவரது இறப்புப் பதிவு என இந்த மூன்றையும் சுவாவில் உள்ள பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். சுருக்கச் சான்றிதழ் போதாது. பதிவேட்டில் உள்ள முழுப் பதிவின் நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பெற்றோரின் கப்பல் பெயரும் எண்ணும் குறிக்கப்பட்டிருந்தால் அது முழு நகலில்தான் கண்ணில் படும்.

ஃபிஜிப் பதிவுகளில் பெயருக்குப் பின்னால் 'எஃப்/என்' என்று போட்டு இன்னொரு பெயர் வரும். அது தகப்பன் பெயர். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களுக்குப் பிற்பாடு வந்தது. அண்ணன் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருப்பார், தம்பி 'கவுண்டர்' என்றோ 'நாயுடு' என்றோ வைத்திருப்பார். இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பாஸில் இந்தக் குடும்பப் பெயர் இருக்காது. ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும், சாதி தனிக் கட்டத்தில் இருக்கும். எனவே பட்டத்தை விட்டுவிட்டு, இட்ட பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுங்கள்.

சடங்கு முறையில் மட்டும் கல்யாணம் செய்து, அதைப் பதிவு செய்யாதவர்களின் திருமணம் அன்றைய சட்டத்தில் செல்லவில்லை. அதனால் பிள்ளையின் பதிவில் தகப்பன் கட்டம் வெறுமையாக இருக்கலாம். அதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. தாயின் பாஸைத் தேடுங்கள், தகப்பன் அதன் வழியாகவே கிடைக்கக்கூடும்.

வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். கிர்மிட் முடிந்ததற்கான தாள், பழைய நிலக் குத்தகைப் பத்திரம், தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் (ஃபிஜியில் 1926-ல் தொடங்கியது) உறுப்பினர் ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்றில் தகப்பன் பெயரோ கப்பல் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

காப்பகத்துக்கு எழுதுவது

தேசிய ஆவணக் காப்பகம் சுவாவில் கார்னார்வன் தெருவில் இருக்கிறது. பாஸ்களின் மைக்ரோஃபிலிம் நகல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகத்திலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு அதுவே சுலபம். கடிதம் எழுதினால் இத்தனையும் ஒரே தாளில் இருக்கட்டும்: முன்னோரின் பெயர், உங்களுக்குத் தெரிந்த எழுத்து வேறுபாடுகள் எல்லாவற்றோடும், தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, கணவன் அல்லது மனைவி பெயர், வந்திருக்கக்கூடிய ஆண்டு எல்லை, வேலை செய்த தோட்டம் அல்லது அருகிலிருந்த ஆலை (லௌதோகா, பா, லம்பாசா, நௌசோரி என எதுவானாலும்), இறந்த ஆண்டு. 'என் தாத்தாவைக் கண்டுபிடித்துத் தாருங்கள்' என்ற ஒரு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆண்டு எல்லையைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. ஃபிஜியில் பிறந்த மூத்த பிள்ளையின் பிறந்த ஆண்டிலிருந்து பத்தாண்டு பின்னால் போங்கள். அந்த இடைவெளியில் முதலில் தேடச் சொல்லுங்கள். சென்னை வழி வந்தவர் என்றால் 1903-க்கு முன்னால் போக வேண்டியதில்லை.

கப்பல் பெயருக்குப் பின்னால் ரோமன் எண் வரும். 'சட்லெஜ் V' என்றால் அந்தக் கப்பல் ஃபிஜிக்கு வந்த ஐந்தாம் பயணம். 'ஃபுல்தலா', 'சங்கோலா', 'சந்தியா', 'கேஞ்சஸ்' எல்லாம் பலமுறை வந்த கப்பல்கள். பயண எண் இல்லாமல் கப்பல் பெயரை மட்டும் சொன்னால் தேடல் பல மடங்கு நீளும்.

எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. பாஸில் டிப்போ எண் ஒன்று, பாஸ் எண் ஒன்று என இரண்டு இருக்கும். டிப்போ எண் கப்பலுக்குக் காத்திருந்த முகாமில் கொடுத்தது. பாஸ் எண் 1879-ல் வந்த முதல் கப்பலான 'லியோனிடாஸ்' தொடங்கி வரிசையாக ஓடுவது. சென்னையிலிருந்து ஆட்கள் போகத் தொடங்கியபோது அது ஐந்து இலக்கத்துக்கு வந்துவிட்டது. உங்கள் குடும்பத்தில் சொல்லி வரும் எண் மூன்று இலக்கம் என்றால் அது டிப்போ எண்ணாகத்தான் இருக்கும். அதைப் பாஸ் எண் என்று எழுதி அனுப்பினால், கல்கத்தா வழி வந்த யாரோ ஒருவருடைய தாள் உங்கள் கைக்கு வரும்.

பெயரை எழுத்தர் காதால் கேளுங்கள்

நம்மவர் வாயால் சொன்னதை இன்னொருவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியதுதான் பாஸ். 'முனுசாமி' முன்சாமி ஆகும், 'சின்னசாமி' சின்சாமி ஆகும், 'பெருமாள்' பெர்மல் ஆகும். வல்லின எழுத்துகளில்தான் அதிகம் தடுமாற்றம். 'குப்பன்' கே வரிசையிலும் இருக்கலாம், ஜி வரிசையிலும் இருக்கலாம். 'சின்ன' என்று தொடங்கும் பெயர் சி-யிலும் எஸ்-இலும் வரும். 'வேலு' வி-யிலும் டபிள்யூ-விலும் வரும். ழகரம் எல், ஆர் இரண்டில் எதுவாகவும் ஆகியிருக்கும். அட்டவணையில் தேடும்முன் ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடியுங்கள்.

பாஸைப் படிப்பது

நகல் கேட்கும்போது இரு பக்கமும் வண்ண ஸ்கேனாக வேண்டும் என்று சொல்லுங்கள். கறுப்பு-வெள்ளை நகலில் மங்கிய மை காணாமல் போய்விடும், கிராமப் பெயர் இருக்கும் கட்டமே அப்படிப் போனால் அத்தனை உழைப்பும் வீண்.

மேலே பதிவு நடந்த இடமும் தேதியும் இருக்கும். இதைச் சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பஞ்சம் பிழைக்கப் பட்டணம் போன இடத்தில் ஆள் பிடிப்பவன் கண்ணில் பட்டவர், அங்கேயே பதிவு செய்யப்பட்டிருப்பார். சொந்த ஊர் கீழே மாவட்டம், தாலுகா, கிராமம் என்ற கட்டங்களில் தனியாக இருக்கும்.

வயதை நம்ப வேண்டாம். 20, 22, 25 என்று பார்த்த மாத்திரத்தில் போட்ட வயதுதான் பெரும்பாலும். ஐந்தாறு வயது முன்பின் இருந்தாலும் அது நம்மவராக இருக்க வாய்ப்புண்டு. உயரமும் அங்க அடையாளமும் அளந்து, பார்த்து எழுதியவை. 'இடது முழங்காலில் தழும்பு', 'வலது கையில் பச்சை' என்று இருக்கும். புகைப்படம் இல்லாத அந்தத் தாளில் அவருடைய உடம்பைப் பற்றி மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். பேரப்பிள்ளைகளில் மூத்தவர் யாராவது உயிரோடு இருந்தால் இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

'நெருங்கிய உறவு' என்ற கட்டத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டுகிறார்கள். ஊரில் விட்டுவந்த அண்ணனோ, தாயோ, மனைவியோ அங்கே இருப்பார்கள். பின்னால் கிராமத்தில் போய் விசாரிக்கும்போது இந்தப் பெயர்தான் உதவும், ஏனென்றால் ஊரில் தங்கியவரின் வம்சம் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

பெண்களுக்குத் தனிப் பாஸ் உண்டு. 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் தனியாகக் கப்பலேறிய பெண்களும் கணிசமாக உண்டு. குடும்பமாக வந்தவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். ஒரு பாஸ் கிடைத்ததும் அதற்கு முன்னும் பின்னும் ஐந்து பாஸ்களையும் பார்த்துவிடுங்கள். தம்பியோ, பங்காளியோ, ஒரே ஊர்க்காரரோ தென்படுவார்.

பெயர் ஒத்துப்போவது மட்டும் போதாது. தகப்பன் பெயரும் ஒத்துப்போக வேண்டும். அதோடு துணைவர் பெயர், கப்பல், தோட்டம் ஆகியவற்றில் ஒன்றாவது வேறொரு ஆவணத்தோடு பொருந்த வேண்டும். இதில் குறை வைத்தால் வேறு யாருடைய ஊரிலோ போய் நிற்பீர்கள். சந்தேகமிருந்தால் தோட்டப் பதிவேட்டையும் தொழிலாளர் பொதுப் பதிவேட்டையும் கேளுங்கள். எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது அங்கே பாஸ் எண்ணோடு இருக்கும்.

ஃபிஜியில் 'மதராசி' என்று சொல்லப்படும் குடும்பம் எல்லாம் தமிழ்க் குடும்பம் அல்ல. விசாகப்பட்டினத்துத் தெலுங்கர்களும் மலபார்க்காரர்களும் சென்னை டிப்போ வழியாகவே போனார்கள். மாவட்டக் கட்டத்தைப் பார்க்கும்வரை முடிவு கட்டாதீர்கள்.

அன்றைய மாவட்டம் இன்று எது?

சென்னை வழிப் பாஸ்களில் அடிக்கடி வரும் மாவட்டம் வட ஆற்காடு, அதிகம் குழப்புவதும் அதுதான். 1911-ல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய பாஸில் 'வட ஆற்காடு, சித்தூர்' என்றிருந்தால் அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. திருத்தணி 1911-ல் சித்தூரோடு போய் 1960-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, இன்று திருவள்ளூர் மாவட்டம். திருவண்ணாமலை 1911 வரை தென் ஆற்காட்டிலும், திருப்பத்தூர் அதுவரை சேலத்திலும் இருந்தன. அதன்பின் இரண்டும் வட ஆற்காட்டுக்கு வந்தன. ஆரணி, போளூர், வந்தவாசி என்றிருந்தால் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் தேடுங்கள். குடியாத்தம் இன்று வேலூரில், வாலாஜா இன்று ராணிப்பேட்டையில். ராமநாதபுரம் 1910-ல்தான் மாவட்டம் ஆனது. அதற்கு முந்தைய பாஸில் அந்தப் பகுதி ஊர்கள் மதுரை, திருநெல்வேலி என்றே இருக்கும்.

கிராமத்தைத் தாலுகாவோடு சேர்த்தே தேடுங்கள். புதூரும் நல்லூரும் ஒவ்வொரு தாலுகாவிலும் உண்டு. கூகுள் மேப்பில் முதலில் வரும் ஊரைப் பிடித்துக்கொள்ளாமல், மதராஸ் அரசு அச்சிட்ட தாலுகா வாரியான கிராமப் பட்டியலைப் பாருங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசு வெளியீடுகளைப் பார்க்கலாம். பாஸில் எழுதியிருப்பது வருவாய் கிராமமாக இல்லாமல் ஒரு குக்கிராமமாக இருந்தால் பட்டியலில் வராது. அப்போது தாலுகா அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டால் எந்தக் கிராமத்தில் அது அடங்கும் என்று சொல்வார்கள். நிலம் இருந்த குடும்பம் என்றால் பழைய செட்டில்மெண்ட் (நிலவரி) பதிவேட்டில் பெயர் வரும். கூலிக் குடும்பங்கள் அதில் இருக்காது. அவர்களுக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகளை விசாரிப்பதே பலன் தரும்.

ஊரில் இருந்துகொண்டு தேடுபவர்கள்

'பெரிய தாத்தா பீஜித் தீவுக்குப் போனார், கடிதமே வரவில்லை' என்று இங்கே தேடுபவர்களுக்கு வேலை கொஞ்சம் கடினம். அவருடைய பெயர், அவருடைய தகப்பன் பெயர், அன்றைய மாவட்டம், தாலுகா, போன ஆண்டு உத்தேசமாக என்று எழுதி, 1903–1916 சென்னைக் கப்பல்களில் தேடச் சொல்லுங்கள். அன்று 'தீவுக்குப் போனார்' என்றால் மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால், இலங்கை, பினாங்கு எல்லாமே அதில் அடங்கும். ஃபிஜிதான் என்பதற்கு வீட்டில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாஸ் கிடைத்து, ஃபிஜியில் அவர் இறந்த பதிவு கிடைக்காவிட்டால், திரும்பிப் போனவர்களின் பதிவைக் கேளுங்கள். கிர்மிட் ஐந்தாண்டு. மேலும் ஐந்தாண்டு அங்கே தங்கியவருக்கு இலவசமாகத் திரும்பும் உரிமை இருந்தது. திரும்பிய கப்பலின் பட்டியலில் பாஸ் எண் இருந்தால், அவர் இந்தியாவுக்குத் திரும்பக் கப்பலேறியிருக்கிறார் என்று பொருள். அதற்குப் பிறகான தேடல் இந்தியாவில்தான், அதுவும் அவர் கிளம்பிய ஊரில் மட்டுமல்ல, மனைவியின் பாஸில் உள்ள ஊரிலும்.