வான்சிறப்பை ஒரு சொல்மேகமாக்குவது எப்படி?

ஒரு பாடத்தில் அடிக்கடி வரும் சொல்லைப் பெரிய எழுத்திலும் எப்போதாவது வரும் சொல்லைச் சின்ன எழுத்திலும் காட்டும் படம்தான் சொல்மேகம். இலவசமாகச் செய்து தரும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. பாடத்தை அப்படியே ஒட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், படம் வந்துவிடும். ஆனால் தமிழுக்கு அது போதாது. நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை முதல் தடவை அப்படித்தான் ஒட்டினேன். மழைக்கும் வானத்துக்கும் சமமான அளவில் 'றாங்கே', 'றமையா' என்று இரண்டு துண்டுகள் வந்து நின்றன. 'சார்வாய்மற் றாங்கே', 'வானின் றமையா' என்று சீர் பிரித்து அச்சிட்டதைக் கருவி தனித்தனிச் சொல்லாக எண்ணியிருக்கிறது. அதன் மேல் தப்பில்லை. இடைவெளி விட்டால் அதற்கு ஒரு சொல் முடிந்தது, அவ்வளவுதான்.

அந்தப் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வகுப்பில் முதலில் காட்ட வேண்டியதே அதுதான்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். 'கொக்கு' என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து நின்றாலோ, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தாலோ அந்தத் தளம் வேண்டாம். வேறு எழுத்துரு போட வழியிருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுப் பார்க்கலாம். சொல்லையும் அது வரும் எண்ணிக்கையையும் நாமே பட்டியலாகக் கொடுக்க வசதியுள்ள தளம்தான் நமக்கு ஏற்றது. எதுவும் சரிப்படவில்லை என்றால் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். நான் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

வகுப்பைப் பத்துக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு குறள் கொடுங்கள். முதல் வேலை சந்தி பிரிப்பது. 'வானின் றுலகம்' என்பது வான், நின்று, உலகம் என்று ஆகும். கடைசிக் குறளில் வரும் 'வானின் றமையா' அப்படி இல்லை. அது வான், இன்று, அமையா. இந்த 'இன்று' இல்லாமல் என்ற பொருளில் வருவது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது அதே 'வானின்'. ஆனால் ஒன்று இடைவிடாமல் பெய்யும் மழை, இன்னொன்று இல்லாமற்போன மழை. இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, எதையெல்லாம் ஒரே சொல்லாகச் சேர்ப்பது என்ற கேள்வி. பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். வானும் வானமும் ஒன்றா? ஒன்று என்று எல்லோரும் சொல்வார்கள். வானோர்? என் வகுப்பில் ஒரு பெண், "அது தேவர் சார், மழை இல்லை" என்றாள். "உள்ளே வான் இருக்குதே" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். இரண்டு பேர் சொன்னதும் சரி. பகுதி ஒன்று, பொருள் வேறு. பகுபத உறுப்பிலக்கணத்தை அன்றைக்கு நான் தனியாக நடத்தவே இல்லை.

அப்புறம் ஒரு சிக்கல் வரும். 'துப்பார்க்குத் துப்பாய' குறளில் மட்டும் துப்பு ஐந்து முறை வருகிறது. அப்படியே எண்ணினால் அதிகாரமே துப்பைப் பற்றியது போலப் படம் காட்டும். அதனால் எத்தனை முறை வருகிறது என்று எண்ணாமல், எத்தனை குறளில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். துப்பு ஒன்றாகிவிடும். உலகம் நான்கு குறளில் வருவதால் நான்கு. வழங்குவதும் குன்றுவதும் இரண்டிரண்டு.

கடைசியாக மழையைக் குறிக்கும் சொற்களை மட்டும் குறள் வரிசையில் படிக்கச் சொல்லுங்கள். வான், மழை, விண், புயல், மழை, துளி, எழிலி, வானம், வானம், வான். பத்துக் குறளிலும் ஒவ்வொன்று! 'மழை' என்ற சொல் இரண்டே இடத்தில்தான், ஆனாலும் மழை இல்லாத குறள் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ வருடம் இந்த அதிகாரத்தை நடத்தியும் இதை நான் கவனித்ததில்லை. எண்ணிக்கையைப் பலகையில் எழுதிக் கூட்டும்போதுதான் பார்த்தேன், கை அப்படியே நின்றுவிட்டது.

படம் வரையும்போது ஒரு எண்ணிக்கைக்கு 2 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையைக் குறிக்கும் சொற்களை எல்லாம் 'மழை' என்று ஒன்றாகச் சேர்த்தால் மழை 20 செ.மீ., உலகம் 8 செ.மீ., ஒரே குறளில் வருவது 2 செ.மீ. உயரத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'யார்யார்க்கும்' போன்ற நீளமான சொல் ஒரே தடவை வந்தாலும் இடத்தை அடைத்துக்கொண்டு பெரிதாகத் தெரியும். நிறம் அழகுக்கு மட்டும்தான். நிறத்துக்கும் ஏதோ அர்த்தம் இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், அதையும் சொல்லிவிடுவது நல்லது.

கட்டுரைப் பயிற்சிக்கும் சொல்மேகம் உதவும். ஒரு பிள்ளையின் கட்டுரையைத் தட்டச்சு செய்து போட்டால் 'மிகவும்', 'ஆகவே' எத்தனை தடவை வந்திருக்கின்றன என்று பளிச்சென்று தெரியும். அந்தப் படத்தை எழுதிய பிள்ளையிடம் மட்டும் காட்டுங்கள், வகுப்பு முன்னால் வேண்டாம்.

சார்ட்டைச் சுவரில் ஒட்டும்போது பக்கத்தில் அந்த முதல் 'றாங்கே' படத்தையும் ஒட்டுங்கள். அடுத்த அதிகாரம் எடுக்கும் நாளில் எங்கே தொடங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும்.