பைக்கைத் துரத்தும் போலீஸ் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலீஸ் காரிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் நழுவி ஓடும் காணொளியைப் பார்க்கும் பலருக்கும் முதலில் எழும் கேள்வி, அந்தக் காருக்கு ஏன் வேகம் போதவில்லை என்பதுதான். அமெரிக்கக் காவல் துறைகளும் நெடுங்காலம் இதே கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையாக மேலும் வலிமையான கார்களை வாங்கின. ஆனால் இத்தகைய துரத்தலில் ஓர் உயிர் போகுமா, மிஞ்சுமா என்பதைக் காரின் உச்ச வேகம் தீர்மானிப்பதில்லை. துரத்தலாமா கூடாதா என்று முதல் சில வினாடிகளில் எடுக்கப்படும் முடிவும், முன்னே ஓடும் பைக்குக்கும் பின்னே வரும் காருக்கும் இடையே விடப்படும் தூரமுமே அதைத் தீர்மானிக்கின்றன. துரத்தல்களில் திரும்பத் திரும்ப நிகழும் தவறுகளும், துரத்தல்களைப் பற்றிப் பேசுவோர் செய்யும் தவறுகளும் இந்த இரண்டையும் மறப்பதிலிருந்தே தொடங்குகின்றன.

வேகமான கார் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1980ஆம் ஆண்டு வாக்கில் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் படையிடம் இருந்த டாட்ஜ் செயின்ட் ரெஜிஸ் கார்கள், அந்த மாநிலத்தின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப எஞ்சின் வலு குறைக்கப்பட்டவை. வேக விதியை மீறிச் செல்லும் சாதாரணக் கார்களையே அவற்றால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதனால் அந்தப் படை 1982இல் ஐந்து லிட்டர் வி8 எஞ்சின் பொருத்திய ஃபோர்டு மஸ்டாங் கார்களைச் சுமார் 400 வாங்கியது. கார்களைத் துரத்துவதற்கு அது நல்ல முடிவுதான். மோட்டார் சைக்கிள்களின் கதை வேறு. 1999இல் வந்த சுசுகி ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியது. அதன் பிறகே ஜப்பானிய, ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஓர் இணக்கம் கண்டு வேகத்தை 300இல் நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்கத் தெருக்களில் எங்கும் காணப்பட்ட ஃபோர்டு கிரவுன் விக்டோரியா ரோந்துக் காரின் உச்ச வேகம் சுமார் 200 கிலோமீட்டர். அந்தக் கார் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட இருபது வினாடிகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஹயபுசா அதில் பாதி நேரத்திலேயே 200ஐத் தாண்டிவிடும்.

இன்றைய கார்கள் இந்த இடைவெளியைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரை அடிப்படையாகக் கொண்ட போலீஸ் வாகனத்தின் 400 குதிரைத்திறன் வகை, 2020ஆம் ஆண்டு மாடலுக்கான சோதனையில் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொட்டது. இருந்தும் கேள்வி அப்படியே நிற்கிறது. எட்டிப் பிடித்த பிறகு அந்தக் கார் என்ன செய்யும்? ஓடும் பைக்கை, அதன் மீது மோதாமல் நிறுத்தும் வழி எந்தக் காருக்கும் இல்லை. ஓட்டுபவர் தானாக நிற்க வேண்டும், அல்லது விழ வேண்டும். வேகமான கார் அந்த விழுதலை மேலும் அதிக வேகத்தில் நிகழவைக்கிறது. வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். இத்தாலியக் காவல் துறை 2004 முதல் லம்போர்கினி கார்களை வைத்திருக்கிறதே என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் கார்கள் பெயர் பெற்றதில் பெரும்பங்கு, மாற்று அறுவை சிகிச்சைக்கான உறுப்புகளை நகரம் விட்டு நகரம் விரைந்து கொண்டுசேர்த்ததற்கே உரியது.

காரைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை பிரேக், குளிரூட்டல், டயர் ஆகிய மூன்றும்தான். மிச்சிகன் மாநிலக் காவல் துறை ஆண்டுதோறும் நடத்தும் வாகனச் சோதனையில் உச்ச வேகத்துக்கு நிகராக, பிரேக் போட்டால் எத்தனை தூரத்தில் நிற்கிறது, வளைவுகள் நிறைந்த பந்தயத் தடத்தில் சுற்று மேல் சுற்றாக ஓட்டினால் எப்படி நடந்துகொள்கிறது என்பவையும் அளக்கப்படுகின்றன. ஒரே பெயரில் விற்கப்படும் போலீஸ் வாகனங்கள் எல்லாம் துரத்தலுக்கு உரியவையும் அல்ல. ஷெவர்லே டாஹோவில் துரத்தலுக்கென அமைத்த வகை ஒன்று, சிறப்புப் பணிகளுக்கான வகை ஒன்று என இரண்டு இருந்தன; பின்னதை அதிவேகத் துரத்தலுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. நிறமும் சின்னமும் விளக்கும் ஒன்றுபோல் இருப்பதால் கையில் கிடைத்த வண்டியோடு கிளம்பிவிடுவது ஆபத்தான பழக்கம்.

இனி, எல்லாத் தவறுகளிலும் கொடியதாக நான் கருதுவதற்கு வருகிறேன்: நெருங்கிப் பின்தொடர்வது. இதற்குச் சான்றாக, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கின் பதிவுகளே இருக்கின்றன. 1990ஆம் ஆண்டு மே 22 அன்று இரவு எட்டரை மணி அளவில், கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ மாவட்டத்தில், வேறொரு சண்டைப் புகாரை விசாரித்துவிட்டுத் திரும்பிய இரு காவலர்கள், வேகமாக வந்த ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்த முயன்றார்கள். ஓட்டியவருக்கு 18 வயது. பின்னால் அமர்ந்திருந்த சிறுவனுக்கு 16. அந்தச் சண்டைக்கும் அவர்கள் இருவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பைக் இரண்டு ரோந்துக் கார்களுக்கு இடையே புகுந்து ஓடியது. ஒரு கார் குடியிருப்புத் தெருக்கள் வழியாக அதைத் துரத்தியது. எதிரே வந்த இரண்டு கார்களும் ஒரு சைக்கிளும் சாலையை விட்டு ஒதுங்க நேர்ந்தது. வேகம் மணிக்கு 100 மைல் வரை, அதாவது 160 கிலோமீட்டர் வரை போனது. மொத்தத் துரத்தலும் 75 வினாடிகள். கடந்த தூரம் இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. இடப்புறம் கூர்மையாகத் திரும்ப முயன்றபோது பைக் சரிந்தது. ஓட்டியவர் விலகிவிட்டார், பின்னிருக்கைச் சிறுவன் விலகவில்லை. பிரேக்கை அழுத்தியும் சறுக்கிக்கொண்டே வந்த கார் மணிக்கு 40 மைல் வேகத்தில் அவன் மீது மோதியது. அவன் அங்கேயே இறந்தான்.

அந்த வழக்கின் பதிவில் உள்ள இரண்டு எண்களை ஒவ்வொரு ரோந்துக் காரிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன். கார் சில நேரங்களில் பைக்குக்கு 100 அடி பின்னால் வந்திருக்கிறது. அந்த வேகத்தில் அது நிற்கத் தேவையான தூரமோ 650 அடி. 160 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர் ஓடும். 100 அடி என்பது சுமார் 30 மீட்டர். அதாவது முன்னே செல்பவர் விழுவதைக் கண்ணால் கண்டு, கால் பிரேக்கைத் தேடுவதற்குள்ளேயே அந்த இடைவெளி முழுவதும் தீர்ந்துவிடும். காருக்குப் பின்னால் கார் செல்லும்போது முன்னே உள்ள வண்டியின் இரும்புக் கூடு உள்ளிருப்பவருக்கு ஓரளவு காப்பு. சரிந்த பைக்கிலோ மனித உடல் தார்ச்சாலையில் கிடக்கிறது. மேலும், பைக் விழுவது பெரும்பாலும் வளைவிலோ மேட்டின் உச்சியைக் கடந்தோதான். துரத்துபவரின் பார்வைக்கு அது கடைசிக் கணத்திலேயே படுகிறது. ஆகவே முன்னே ஓடும் பைக்கின் விளக்கொளி கண்ணில் படும் அளவுக்குத் தள்ளியே வர வேண்டும். தள்ளி வந்தால் தப்பிவிடுவார் என்று தோன்றினால், நெருங்கி வருவதைவிடத் தப்பவிடுவது மேல் என்றே முடிவெடுக்க வேண்டும்.

இந்த வழக்கைக் காட்டி, நீதிமன்றமே துரத்தலைச் சரி என்று சொல்லிவிட்டது என வாதிடுவதும் ஒரு தவறு. 1998இல் வந்த தீர்ப்பு, காவலருக்குக் கேடு செய்யும் நோக்கம் இல்லாத நிலையில் அந்த மரணம் அரசியலமைப்பு உரிமையைப் பறித்ததாகாது என்று மட்டுமே கூறியது. குற்றத்தின் தன்மை அத்தகைய வேகத்துக்கு ஈடாகுமா என்று எடைபோட வேண்டும் என்பது துரத்திய காவலரின் துறையே வகுத்திருந்த விதி. அந்த விதி அப்படியேதான் இருந்தது.

கார்களுக்கென உருவான உத்திகளைப் பைக்கின் மீது பயன்படுத்துவது அடுத்த பிழை. ஓடும் காரின் பின்பக்க ஓரத்தைத் தன் காரின் முனையால் தள்ளிச் சுழலவைத்து நிறுத்தும் முறை அமெரிக்காவில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அதையே பைக்கின் மீது செய்தால் அது துப்பாக்கியால் சுடுவதற்கு நிகரான, உயிர் பறிக்கும் பலப் பிரயோகம். டயரில் ஆணி ஏற்றும் பட்டைகளும் அப்படியே. அவற்றின் உட்குழிவான ஆணிகள் காற்றை மெல்ல வெளியேற்றுவதால் நான்கு சக்கர வண்டி தடுமாறாமல் வேகம் இழக்கும். இரண்டு சக்கரத்தில் முன்டயர் காற்றிழந்தாலே ஓட்டுபவர் விழுவார்.

அப்படியானால் லண்டனில் போலீஸ் கார்கள் மொபெட் திருடர்களை இடித்து வீழ்த்தினவே என்ற கேள்வி எழும். மொபெட்டில் வந்து கைப்பேசிகளைப் பறித்துச் செல்லும் குற்றங்கள் 2017இல் லண்டனில் உச்சத்தை எட்டியபோது, தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் போலீஸ் துரத்தாது என்ற எண்ணம் பறிப்பாளர்களிடையே பரவியிருந்தது. மாநகரக் காவல் துறை அதை மறுத்து, தேர்ந்தெடுத்த சந்தர்ப்பங்களில் காரால் மொபெட்டை இடித்து நிறுத்தும் முறையை அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கியது. 2018இல் குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததும் உண்மை. ஆனால் இடித்ததாலேயே குறைந்தன என்று சொல்வது அவசரம். அதே காலத்தில் திருடர்கள் மீது தனி அடையாளம் கொண்ட திரவத்தைத் தெளித்துப் பின்னர் கண்டுபிடிப்பதும், மெலிந்த போலீஸ் பைக்குகளை இறக்கியதும், வண்டி உரிமையாளர்களைப் பூட்டுப் போடச் சொன்ன பிரசாரமும் சேர்ந்தே நடந்தன. இடித்தவர்களும் அதற்கென உயர்நிலைப் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள். மேலதிகாரிகளின் கண்காணிப்பும் இருந்தது. நகரத் தெருவில் ஓடும் சிறு ஸ்கூட்டருக்கு வகுத்த முறையை, நெடுஞ்சாலையில் பறக்கும் ஆயிரம் சிசி பைக்குக்குப் பொருத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். பிரிட்டனில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், காவல் ஓட்டுநரின் ஓட்டத்தைச் சாதாரண ஓட்டுநரோடு ஒப்பிடாமல், அதே பயிற்சி பெற்ற காவல் ஓட்டுநரோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும் என்றது. ஆகவே பயிற்சி இல்லாதவருக்கு அந்தச் சட்டம் கேடயம் ஆகாது.

முடிவை ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரிடமே விட்டுவிடுவதும் கூடாது. சைரன் ஒலியும் பதற்றமும் சேரும்போது ஓட்டுபவரின் பார்வை முன்னே ஓடும் ஒற்றைச் சிவப்பு விளக்கில் குவிந்துவிடுகிறது. குறுக்குத் தெருவில் இருந்து வரும் தாயும் குழந்தையும் அதில் இல்லை. துரத்தலில் இல்லாத ஒரு மேலதிகாரி, கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, எதற்காகத் துரத்துகிறீர்கள், பின்னால் யாராவது இருக்கிறார்களா, சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டு, நிறுத்து என்று சொல்லும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும். அமெரிக்கக் காவல் துறைத் தலைவர்களின் ஆய்வு மன்றம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, வன்முறைக் குற்றம் நடந்து, அந்த ஆளால் உடனடி ஆபத்தும் இருந்தால் மட்டுமே துரத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அளவுகோலை வைத்தால் வேக விதி மீறல், எண் பலகை இல்லாமை போன்றவற்றுக்காக நடக்கும் துரத்தல்கள் தொடங்கவே தொடங்கா. பின்னிருக்கையில் ஒருவர் இருந்தால் என் கணக்கில் முடிவு இன்னும் எளிது: ஓடலாம் என்று தீர்மானித்தவர் அவர் அல்ல, இறங்கவும் அவருக்கு வழியில்லை.

துரத்தலைக் கைவிடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. வயர்லெஸ்ஸில் கைவிட்டதாகச் சொல்லிவிட்டு, விளக்குகளை அணைத்து, அதே சாலையில் அதே திசையில் பின்னாலேயே வருவது கைவிடுதல் ஆகாது. தென் கரோலினா பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் ஜெஃப்ரி ஆல்பர்ட், போலீஸிடமிருந்து ஓடிப் பிடிபட்டுச் சிறையில் இருந்தவர்களிடம் கேட்டபோது, போலீஸ் பின்தொடர்வதை நிறுத்தியது தெரிந்திருந்தால் வேகத்தைக் குறைத்திருப்போம் என்று பெரும்பாலோர் கூறினார்கள். பைக்கில் இருப்பவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓடுகிறார். கார் தெரியும் வரை ஓடுவார். அதனால்தான் சில துறைகள், கைவிட்ட ஓட்டுநர் சைரனையும் விளக்கையும் அணைத்து, வண்டியை ஓரங்கட்டி அல்லது வேறு திசையில் திருப்பி, எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்திருக்கின்றன. எண் பலகை, கேமரா, ஹெலிகாப்டர், மறுநாள் வீட்டுக் கதவைத் தட்டுவது ஆகிய வேலைகள் அந்த நிமிடத்திலிருந்து தொடங்கும்.