மவுத் ஆர்கனுக்கு முதல் ஆம்ப்: மைக் செட் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த மூன்று வேலை

எங்கள் தெரு சுடலைமாடன் கோயில் கொடையில், வில்லுப்பாட்டுக் குழு சாப்பிடப் போயிருந்த நேரம். மைக் செட் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார். "தம்பி, அந்த மவுத் ஆர்கனக் கொஞ்சம் ஊதும், கேப்போம்."

மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இரண்டாம் ஓட்டையில் மூச்சை உள்ளே இழுத்தேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இரண்டும் கீ... என்று ஒரே ஊளை. பந்தலில் இருந்த ஆச்சிமார் காதைப் பொத்தினார்கள். அண்ணாச்சி பதறவில்லை. ட்ரெபிள் குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினார். மைக் வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கினார். "குழாய்க்கு நேரா நிக்காதேயும், பொறத்தால வாரும்" என்றார். மறுபடி ஊதினேன், ஊளை இல்லை. சத்தம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஊதியது மாதிரிதான் இருந்தது. ஆனால் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) வாசிக்கும் மவுத் ஆர்கனுக்கு ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, தேடுகிறவனுக்கு வேண்டிய பாடம் அவர் செய்த அந்த மூன்று வேலையில் முடிந்துவிட்டது. ட்ரெபிளைக் குறை, கெயினை (மைக்கிலிருந்து வருவதைப் பெருக்கும் அளவு) குறை, ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே மைக்கைக் காட்டாதே. இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கிற பெட்டி நல்ல பெட்டி. மற்றதெல்லாம் அலங்காரம்.

படி 1: கையில் இருப்பது எந்த மவுத் ஆர்கன்?

நம்மூரில் பெரும்பாலும் கிடைப்பது 24 ஓட்டை ட்ரெமோலோ. சினிமாப் பாட்டுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் அதில் ஒரு சுரத்துக்கு இரண்டு நாக்கு (மூச்சில் அதிரும் உலோகத் தகடு), இரண்டும் கொஞ்சம் தள்ளிச் சுருதி சேர்த்தவை. ப்ளூஸில் உயிரே சுரத்தை வளைப்பதில், அதாவது மூச்சாலேயே அதைக் கீழே இறக்குவதில்தான் இருக்கிறது, இதில் அது சரியாக வராது. பத்து ஓட்டை டயட்டோனிக் வாங்குங்கள். ஹோனர் கம்பெனியின் மரைன் பேண்ட் 1896-இலிருந்து வருகிறது, மர உடல் கொண்டது; அதே கம்பெனியின் ஸ்பெஷல் 20 பிளாஸ்டிக் உடல் கொண்டது. நம்மூர் ஈரத்துக்கும் எச்சிலுக்கும் மரம் உப்பும், அதனால் என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கு. சி சுருதி ஒன்று போதும். அதையே மூச்சை உள்ளே இழுத்து வாசித்தால் ஜி சுருதியில் ப்ளூஸ் வரும்.

படி 2: ஆம்புக்கு முன்னால் மைக்

மைக்கை முடிவு செய்யாமல் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள்தான் நிறையப் பேர். நானும் அப்படிப் போனவன்தான்.

1950-களின் தொடக்கத்தில் சிகாகோவில் லிட்டில் வால்ட்டர் போன்ற மவுத் ஆர்கன் கலைஞர்கள் மைக்கைக் கைக்குள் பொத்தி, ஆம்பை அதன் எல்லை வரை முறுக்கி ஊதினார்கள். அந்தக் கரகரப்புதான் இன்றுவரை எல்லோரும் துரத்துகிற சத்தம். அவர்கள் கையில் இருந்தவை அறிவிப்புச் செய்ய, கட்டுப்பாட்டு அறையில் பேச என்று செய்த மலிவான மைக்குகள். அதாவது, நம் மைக் செட் அண்ணாச்சியின் சாமான்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் கடைக்குள் நுழையும்போதே எனக்கு ஒரு மரியாதை.

அந்த வகையில் இரண்டு பெயர் எல்லோர் வாயிலும் வரும். ஒன்று ஷூர் 520, பச்சை நிறத்தில் தோட்டா மாதிரி இருக்கும். பின்னால் வந்த 520டிஎக்ஸில் வால்யூம் குமிழ் மைக்கிலேயே உண்டு. இன்னொன்று அஸ்டாட்டிக் ஜேடி-30. பழைய ஜேடி-30-க்குள் இருப்பது ராஷெல் உப்புப் படிகம். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது, ஏறத்தாழ 55 டிகிரியைத் தொட்டாலே கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கையில் இருப்பது வெறும் ஓடு.

முதல் மைக்காக இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. சாதாரண டைனமிக் பாட்டு மைக் போதும். ஷூர் எஸ்எம்58 ஆகட்டும், மைக் செட் கடையில் கிடைக்கும் அஹுஜா ஆகட்டும், கைக்குள் நன்றாகப் பொத்தினால் வேலை செய்யும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மைக் குறைந்த இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான தடை), நாம் வாங்கப்போகிற கிட்டார் ஆம்பின் வாய் உயர்ந்த இம்பீடன்ஸ். ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் (மைக்கில் சொருகும் மூன்று முள் முனை), மறுபக்கம் பி-38 மோனோ ஜாக் (கிட்டார் ஆம்பில் சொருகும் கால் அங்குல முனை) வைத்த ஒயரை நேராகச் சொருகினால் சத்தம் வரும், ஆனால் பட்டினி கிடந்தவன் குரல் மாதிரி வரும். நடுவில் மேட்சிங் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும். கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிய உலோகக் குழல்தான் அது. ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் பி-38. ஆம்புக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

கண்டன்சர் மைக்கைத் தொடவே வேண்டாம். அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும், கைக்குள் பொத்தினாலும் அந்தச் சத்தம் வராது.

படி 3: எவ்வளவு பெரிய பெட்டி?

சிறியது. வாட்டைக் கூட்டிக் கேட்காதீர்கள்.

நான் முதலில் வாங்கியது 60 வாட் கீபோர்டு ஆம்ப், பழையது. கொடுத்தவர் "இதுல எதை வேணா சொருகலாம்" என்றார். சொருகலாம்தான். உள்ளே பெரிய ஸ்பீக்கரோடு ஒரு ட்வீட்டரும் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும், மவுத் ஆர்கனின் கூர்முனைகளை அது மழுக்கித் தரும். ட்வீட்டர் அந்தக் கூர்முனைகளையே பொறுக்கி எடுத்துக் காதில் குத்தும். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் வெளியே வந்து, "பாட்டு நல்லாருக்கு, அந்த விசிலை மட்டும் நிப்பாட்டுங்க" என்றார். விசில் என்று அவர் சொன்னது என் வாசிப்பை.

வீட்டு மாடி அறைக்கு 5 முதல் 10 வாட் வரை தாராளம். நண்பனின் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்க 15, 20 வாட். ஸ்பீக்கர் 8 அங்குலம் இருந்தால் நல்லது, 6 அங்குலத்திலும் கற்றுக்கொள்ளலாம்.

கடைகளில் புதிதாகவோ பழையதாகவோ பார்க்கக்கூடிய சில:

ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி. 10 வாட், 6 அங்குலம். எளிமையான பெட்டி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பொத்தானை மறந்துவிடுங்கள்.

வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10. அதே 10 வாட், 6.5 அங்குலம். இந்த இரண்டில் எனக்கு இதன் குரல் பிடிக்கும், கொஞ்சம் கனம் உண்டு.

ஃபெண்டர் சாம்பியன் 20. 20 வாட், 8 அங்குலம், ரிவெர்பும் (கூடத்தின் முழக்கம்) டிலேயும் (தள்ளி வரும் எதிரொலி) உள்ளேயே இருக்கின்றன. பணம் எட்டினால் இதற்கே போங்கள். பழையது கிடைத்தால் இன்னும் நல்லது.

ரோலண்ட் மைக்ரோ க்யூப். 5 அங்குலம்தான், ஆனால் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். கரண்ட் போகிற ஊர்க்காரர்களுக்கும், பாபநாசம் படித்துறையில் உட்கார்ந்து ஊத ஆசைப்படுகிறவர்களுக்கும் ஏற்றது.

நம் நாட்டு ஸ்ட்ரேஞ்சர் க்யூப் பெட்டிகளும் உண்டு. வாங்குமுன் ட்வீட்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

விலை மாதத்துக்கு ஒரு தரம் மாறுவதால் இங்கே எழுதவில்லை.

படி 4: வால்வு ஆம்ப் வேண்டுமா?

தாத்தா வீட்டில் வால்வு ரேடியோ இருந்தவர்களுக்கு அந்தக் கதகதப்பான குரல் தெரியும். ப்ளூஸ் மவுத் ஆர்கனின் இலட்சியக் கனவு 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன், 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு. அதன் விலைக்கு இங்கே ஒரு மனையே பேசலாம். கைக்கெட்டும் வால்வு ஆம்ப் என்றால் புகேரா வி5 மாதிரியானவை. 5 வாட், 8 அங்குலம், பின்னால் ஒரு சுவிட்ச் 1 வாட்டுக்கும் 0.1 வாட்டுக்கும் இறக்கும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தச் சுவிட்ச் குடும்ப உறவைக் காப்பாற்றும்.

இதில் ஒரு வித்தை சொல்கிறேன். முதல் வால்வு வழக்கமாக 12ஏஎக்ஸ்7, அதன் பெருக்கம் 100. கிட்டாருக்கு அது சரி, நமக்கு அதிகம், ஊளைக்கு அதுவே காரணம். அந்த இடத்தில் 12ஏயூ7 போட்டால் பெருக்கம் 20 அளவுக்கு இறங்கும், 12ஏஒய்7 போட்டால் 40-க்குப் பக்கம். குமிழைத் திருப்ப இன்னும் நிறைய இடம் கிடைக்கும். ஆனால் பின்பலகையைக் கழற்றி உள்ளே கை விடாதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கும். வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய கை யாராவது ஊரில் இருப்பார், அவரிடம் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டு வருகிறேன் என்றால், அது 120 வோல்ட் பெட்டியா என்று முதலில் கேளுங்கள். நம் 230-இல் சொருகினால் ஒரு நொடி, ஒரு வாசனை, அவ்வளவுதான்.

படி 5: கடையில் சோதிப்பது

இதற்கு அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரம் ஆகட்டும். மவுத் ஆர்கன், மைக், ட்ரான்ஸ்ஃபார்மர், ஒயர் எல்லாம் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடைத் தம்பி கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டுவான், சத்தம் அருமையாக இருக்கும், அதில் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

க்ளீன் சானல் (கரகரப்பு சேராத பக்கம்). கெயின் 2. ட்ரெபிள் 2. மிட் இருந்தால் 5. பேஸ் 6. பெட்டியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள்.

முதலில் இரண்டாம் ஓட்டையை நீளமாக இழுங்கள். சி ஆர்கனில் அது ஜி, நம் வீட்டுச் சுரம். பொத்திய கையைத் திறந்து மூடுங்கள். மூடும்போது உருண்டும் திறக்கும்போது பளிச்சென்றும் குரல் மாற வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்று பெட்டி சரியில்லை, அல்லது உங்கள் கைக்குள் காற்று ஒழுகுகிறது. சுண்டுவிரல் பக்கம் பாருங்கள், எனக்கு அங்கேதான் ஒழுகியது.

பிறகு நான்காம் ஓட்டையை இழுத்து வளையுங்கள். வளைவு முழுக்கக் கேட்க வேண்டும், நடுவில் அமுங்கிப் போகக் கூடாது. அடுத்து ஒன்று முதல் நான்கு வரை சேர்த்து இழுங்கள். நான்கு சுரமும் குழைந்து கூழாகிவிட்டால் கெயின் அதிகம். அதற்கும் கீழே இறக்கியும் கூழ் என்றால் அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். கடைசியாக எட்டு, ஒன்பது, பத்து. காது கூசுகிறதா?

இப்போது ஊதுவதை நிறுத்தி, மைக்கைப் பொத்தியபடியே வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். ஹவுலிங் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலேயே ஊளையிடும் பெட்டி வேண்டாம். ஆறு தாண்டினால் பேரம் பேச ஆரம்பிக்கலாம். கடைத் தம்பி முறைப்பான், முறைக்கட்டும்.

படி 6: வீட்டில்

மூன்று முள் பிளக்கின் எர்த் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். உதட்டில் உலோகம், கையில் உலோக மைக், எர்த் இல்லாத பழைய வீடு: இந்த மூன்றும் சேரக் கூடாது. உதட்டில் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள். ங்ங்... என்று ஹம்மிங் வந்தாலும் முதல் சந்தேகம் எர்த் மேல்தான்.

பெட்டியைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் ஏற்றுங்கள். தரையில் இருந்தால் உங்கள் முழங்காலுக்குத்தான் பாட்டுக் கேட்கும், நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள், ஊளை வரும். ரிவெர்ப் ஒரு சிட்டிகை. டிலே இருந்தால் 100 முதல் 150 மில்லி விநாடி, ஒரே ஒரு எதிரொலி. அதற்கு மேல் போட்டால் குற்றாலம் அருவிக்கு அடியில் நின்று ஊதியது மாதிரி ஆகிவிடும்.

படி 7: கூட்டத்துக்கு முன்னால்

10 வாட் பெட்டியை வைத்துக்கொண்டு கொடைப் பந்தலில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெட்டியின் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் செட்டின் மைக் ஒன்றை வைத்துவிடுங்கள். உங்கள் சத்தத்தை உங்கள் பெட்டி செய்யும், ஊரெல்லாம் கொண்டு போவது மைக் செட்டின் பாடு. மைக், ஸ்பீக்கரை மூடிய துணிக்கு இரண்டு விரற்கடை முன்னால் இருக்கட்டும். மைக் ஸ்பீக்கர் கோனின் (உள்ளே அதிரும் காகிதக் கூம்பு) நடுவைப் பார்த்தால் கீச்சு, ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மெத்தென்று ஆகும்.

போன கொடையில் அப்படித்தான் வைத்தோம். அண்ணாச்சி குனிந்து, மைக்கை ஓரத்துக்கு ஒரு விரல் தள்ளி, காதை வைத்துப் பார்த்தார். "இப்ப ஊதும்" என்றார். ஊதினேன். குமிழ் பக்கம் போன அவர் கை, எதையும் திருப்பாமலே திரும்பி வந்தது.