தம்பியை போதை சிகிச்சைக்கு அழைத்துப்போவது எப்படி (நான் சறுக்கிய இடம் உட்பட)

என் தம்பிக்கு அப்போது 24 வயது. இரண்டு வருடமாக டேபென்டடால் என்ற வலி மாத்திரை. முதலில் விழுங்கினான், அப்புறம் ஊசி. கண்டுபிடிப்பது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. இதைத் தேடி வந்து படிக்கிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

1. அவன் "சரி" சொல்வதற்கு முன்பே விசாரித்து முடித்துவிடுங்கள்

அந்தச் "சரி"க்கு ஆயுள் குறைவு. ஒரு ஞாயிறு ராத்திரி "வரேன்க்கா" என்றான். எங்கே போவது, ஓபி எத்தனை மணிக்கு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. "நானே விட்டுருவேன், நீ விடு" என்று போர்வையை இழுத்துக்கொண்டான். அதோடு மூன்று மாதம் போயிற்று.

அதனால் முதலில் 14446-க்குப் பேசுங்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண். இல்லையென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். அவன் சம்மதிக்காமலே நீங்கள் மட்டும் பேசலாம். பக்கத்தில் எந்த இடம், எந்த நாள் ஓபி, படுக்கை கிடைக்குமா, கூட ஒருவர் தங்க வேண்டுமா என்று கேட்டு 40 பக்க நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தச் சமயத்தில் போன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

2. எந்த இடம்?

என் ஓட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான். இரவில் வலிப்பு வந்தாலும் அதே வளாகத்தில் டாக்டர் இருப்பார். சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அரசு நடத்தும் "கலங்கரை" போதை மீட்பு மையங்களையும் விசாரியுங்கள். செலவு செய்ய முடிந்தால், சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனை.

தனியார் மையம் ஒன்றுக்கும் போன் செய்தேன். "நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க மேடம். ராத்திரி வண்டி அனுப்புறோம், நாலு பசங்க வந்து தூக்கிட்டு வந்துருவாங்க." அப்பாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் போனை வைத்துவிட்டேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் போதையால் வரும் மனநலப் பாதிப்பும் அடக்கம். வயது வந்தவர் தானே கையெழுத்துப் போட்டுச் சேர்வதுதான் வழக்கமான முறை. அந்த நிலையில் இல்லாதவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைக்கும்தான். நாலு பசங்களுக்கு அதில் இடமே இல்லை. எந்தத் தனியார் மையமாக இருந்தாலும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டாவதற்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

3. பேச்சு

போதையில் இருக்கும்போது வேண்டாம். மாமா, சித்தப்பாவை உட்காரவைத்துப் பஞ்சாயத்தும் வேண்டாம். நான் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு நான் லீவு போட்டிருக்கேன். டாக்டரைப் பார்ப்போம். சேரணுமா வேண்டாமான்னு அப்புறம் நீ சொல்லு."

அறையில் பூட்டி வைத்து "தெளிய வைக்கும்" வேலையில் இறங்காதீர்கள். குடி, தூக்க மாத்திரை இரண்டையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

4. "கடைசியா எப்ப எடுத்தே?"

நான் சறுக்கியது இங்கேதான். டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார், நான் முந்திக்கொண்டு "நேத்து சாயந்திரம் சார்" என்றேன். அவனும் தலையாட்டினான். கொட்டாவி விட்டான், மூக்கை உறிஞ்சினான், மருந்து கிடைக்காத தவிப்பில் வருவது போலவே. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில், காலையில் நான் ஆதார் ஜெராக்ஸ் தேடிக்கொண்டிருந்தபோது பாத்ரூமில் ஒரு தடவை போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறான்.

புப்ரெனார்ஃபின் கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. ஹெராயின், டேபென்டடால் போன்றவை மூளையில் எந்த இடத்தில் போய் உட்காருகின்றனவோ, அதே இடத்தில் இதுவும் உட்கார்ந்து, போதையை ஏற்றாமல் தவிப்பை மட்டும் அடக்கும். ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிட்டுத்தான் உட்காரும். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால், நாலு நாளில் வர வேண்டிய அவஸ்தை மொத்தமும் ஒரே மணி நேரத்தில் வந்து இறங்கும். அதனால்தான் கடைசியாக எடுத்த பிறகு பல மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

வாந்தி, வியர்வை, கைகால் குடைச்சல். "விஷம் குடுத்துட்டாங்கக்கா" என்று கத்தி, செருப்புகூடப் போடாமல் படி வரைக்கும் ஓடினான். ஒரு நர்ஸம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து "நிஜமா எப்ப போட்டே, சொல்லு ராசா, திட்ட மாட்டேன்" என்று கேட்டு வாங்கினார். அவர் கேட்ட அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

ஆகவே, டாக்டரிடம் "கொஞ்ச நேரம் இவன்கிட்ட தனியா பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போங்கள். நம் எதிரில் உண்மை வராது. வீட்டில் கிடைத்த காலி மாத்திரை அட்டைகளை மட்டும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

5. சேர்த்த பிறகு

இரண்டு செட் துணி, போட்டோ, ஆதார் போதும். காசு வேண்டாம். ஊசி போட்டவராக இருந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகளைக் கேளுங்கள். எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம்.

பின்சேர்க்கை: "போலீஸ் கேஸ் ஆகுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிகிச்சைக்குப் போனதற்காக வழக்கு வராது. கஞ்சா, ஹெராயின் போன்றவற்றைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ ஏற்கெனவே வழக்கு இருந்தால், தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்தில் சிகிச்சை எடுப்பவர் விலக்கு கேட்க 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் வழி உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். வக்கீலிடம் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: "நல்லா இருக்கான், மாத்திரையை நிறுத்திடலாமா?" டாக்டர் சொல்லாமல் புப்ரெனார்ஃபினை நிறுத்தாதீர்கள். போதையை விட்ட இடைவெளிக்குப் பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். போதை மருந்தைப் பழைய அளவில் ஒரே ஒரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். உதடு நீலம் பாய்ந்து, மூச்சு மந்தமாகி, தட்டி எழுப்பியும் எழவில்லை என்றால் உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வருகிறவர்கள் என்ன எடுத்தான் என்று கேட்பார்கள். அக்கம்பக்கத்தார் நின்றாலும் மாத்திரையின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்.