ஃப்ளை ராட் தூர வீச்சுப் போட்டி: பின்வீச்சிலிருந்து தொடங்குங்கள்

ஃப்ளை ராட் எனும் மீன்பிடிக் கழியால் லைனை எவ்வளவு தூரம் வீச முடியும் என்று போட்டியிடும் தூர வீச்சுக்குப் புதிதாக வருபவர்கள் முன்வீச்சையே திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். அளவு நாடா கிடப்பது அந்தப் பக்கம் என்பதால் கவனமும் அங்கேயே போய்விடுகிறது. ஆனால் ஃப்ளை (லைனின் நுனியில் கட்டும் செயற்கைப் பூச்சி) எங்கே விழும் என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய கடைசிப் பின்வீச்சிலேயே முடிவாகிவிடும். பின்னால் லைன் முழு நீளமும் நேராக, இறுக்கமாக விரிந்திருந்தால், கை முன்னால் நகர்ந்த உடனேயே ராட் வளையத் தொடங்கும். தொய்ந்திருந்தால் கையசைவில் பாதி அந்தத் தொய்வை எடுக்கவே செலவாகும். மிச்சமிருக்கும் பாதியில் எவ்வளவு பலத்தைக் காட்டினாலும் போன தூரம் போனதுதான்.

ஃபால்ஸ் காஸ்ட் (லைனைத் தரையில் விடாமல் காற்றில் முன்னும் பின்னும் வீசுவது) தெரியும், டபுள் ஹால் (பின்வீச்சிலும் முன்வீச்சிலும் மறு கையால் லைனை வெடுக்கென்று இழுப்பது) ஓரளவு வரும் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. எந்தப் பிரிவு என்று பாருங்கள்

"தூர வீச்சு" என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பிரிவுகள் உண்டு. ஒரு கை ராடில் 5-ஆம் எண் (எண் லைனின் எடையைக் குறிக்கும்) முழு லைனை வீசுவது ஒன்று. கனமான ஷூட்டிங் ஹெட்டை (லைனின் கனமான முன்பகுதி) அதன் பின்னால் வரும் மெல்லிய ரன்னிங் லைனோடு சேர்த்து வீசுவது இன்னொன்று. சர்வதேச காஸ்டிங் கூட்டமைப்பின் ஒரு கைப் பிரிவில் லைன் எடை 38 கிராம் வரை போகலாம். இரு கைப் பிரிவில் 120 கிராம் வரை. 5-ஆம் எண் லைனிலோ முதல் 30 அடியின் (9.14 மீட்டர்) எடை 140 கிரெயின்தான், அதாவது சுமார் 9 கிராம். இவற்றின் தூரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை 5-ஆம் எண் பிரிவு. கனமான ஹெட் பல பிழைகளை மூடிமறைத்துவிடும். 5-ஆம் எண் அப்படி எதையும் மறைக்காது, அதனாலேயே வீச்சு சீக்கிரம் திருந்தும்.

விதிப் பட்டியலில் இந்த ஐந்தையும் தேடிப் படித்துவிடுங்கள்: லைனை அமைப்பாளர்கள் தருவார்களா, லீடரின் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய இழை) குறைந்தபட்ச நீளம் என்ன, கணக்கு நிமிடத்திலா வீச்சு எண்ணிக்கையிலா, பக்க எல்லைக்கு வெளியே விழுந்தால் என்ன ஆகும், கோட்டை மிதித்தால் என்ன ஆகும். ஃப்ளை அறுந்துபோன வீச்சைப் பெரும்பாலான போட்டிகளில் அளக்கவே மாட்டார்கள். எனவே ஒவ்வொரு வீச்சுக்கும் முன் லீடர் நுனியில் ஃப்ளை இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

2. கருவிகள்

ராட்: 9 அடி, 5-ஆம் எண், வேக ரகம் (பெரும்பாலும் நுனிப் பக்கம் வளைந்து சட்டென்று நிமிர்வது). இருப்பதிலேயே விறைப்பானதைத் தேடி அலைய வேண்டாம். உங்களால் வளைக்க முடியாத ராட் உங்களுக்கு உதவாது.

ராடைவிட லைன் முக்கியம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாதாரண மீன்பிடி லைன்கள் பலவும் 90 அடி நீளம், அதாவது 27.4 மீட்டர். அதனுடன் 2.7 மீட்டர் லீடரைச் சேர்த்தால் மொத்தம் 30 மீட்டர். எவ்வளவு நன்றாக வீசினாலும் அங்கேயே சுவர் வந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் 120 அடி நீளமுள்ள, நீண்ட ஹெட் கொண்ட தூர வீச்சு லைன் தேவை. குட்டையான ஹெட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் வெளியே விட்டால் மெல்லிய ரன்னிங் லைன் ராட் நுனிக்கு வெளியே வந்து நிற்கும். கனமான முன்பகுதியை மெல்லிய பகுதியால் திருப்ப முடியாது, லூப் (காற்றில் லைன் மடிந்து விரியும் வளைவு) குலைந்துவிடும்.

லீடர்: நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் 9 அடி லீடர், விதி வேறு சொல்லாதவரை. நுனியில் கொக்கியில்லாத, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சிறு நூல் குஞ்சம். விரல் நகம் அளவு போதும். பெரிதானால் காற்றைப் பிடிக்கும். குஞ்சமே இல்லாவிட்டால் லீடர் நுனி சாட்டை போலச் சொடுக்கிப் பிய்ந்துபோகும்.

ரீலைப் பற்றி யோசிக்க வேண்டாம், லைனைச் சுற்றிவைத்தால் போதும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்குங்கள். புல்லில் கிடக்கும் லைன் ஒவ்வொரு புல் நுனியிலும் மாட்டும்.

3. லைனைத் தயார்செய்தல்

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, மெல்லிய துணியால் லைன் முழுவதையும் துடையுங்கள். காய்ந்ததும் லைனுக்கென்றே விற்கும் வழுக்குத் திரவத்தைத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அழுக்கு லைன் ராடின் வளையங்களில் உரசித் தூரத்தைத் தின்னும்.

அடுத்தது இழுத்து நிமிர்த்துவது. ரீலில் சுற்றியே இருந்த லைன் சுருள் சுருளாகத்தான் வெளியே வரும். ஒரு கை நீளமாக எடுத்து, இரு கையாலும் சில விநாடி நிதானமாக இழுத்துப் பிடித்து, முழு லைனையும் இப்படியே கடந்துவிடுங்கள். ரன்னிங் லைன் பகுதியை விட்டுவிடாதீர்கள். முடிச்சு விழுவது அங்கேதான்.

நிரந்தர மார்க்கரால் லைனில் குறி இடுங்கள். லைனின் முன் நுனியிலிருந்து 12 மீட்டரில் ஒன்று, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்று, 20 வரை. அடுத்த படி முழுக்க இந்தக் குறிகளை நம்பித்தான் இருக்கிறது.

4. கேரி: பலரும் இடறும் இடம்

ராட் நுனிக்கு வெளியே, தரையைத் தொடாமல், காற்றில் முன்னும் பின்னுமாகத் தாங்கக்கூடிய லைன் நீளம்தான் கேரி. தூரம் கூட வேண்டுமானால் கேரி கூட வேண்டும். கேரியைக் கூட்டும்போது முதலில் கெடுவது பின்வீச்சு.

ஏன் கெடுகிறது? 12 மீட்டர் லைன் பின்னால் விரியும் நேரத்தைவிட 17 மீட்டர் விரியும் நேரம் அதிகம். கை பழைய தாளத்திலேயே இருப்பதால், லைன் விரிந்து முடிவதற்குள் ராட் முன்னால் நகரத் தொடங்கிவிடும். இதற்கு க்ரீப் என்று பெயர். பார்ப்பவர் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய நகர்வு. விளைவோ பெரியது: முன்வீச்சுக்கு வேண்டிய நீளம் குறைகிறது, குறைந்த நீளத்தில் அதே வேகத்தை எட்டக் கை வெடுக்கென்று பலத்தைக் காட்டுகிறது, ராட் நுனி நேர்கோட்டை விட்டுக் குழிந்து இறங்குகிறது, லூப்பின் மேல்கால் கீழ்காலை வெட்டிக்கொண்டு போகிறது. டெய்லிங் லூப் பிறப்பது இப்படித்தான். லீடரில் தானாக விழும் முடிச்சுகளில் பெரும்பாலானவை இதன் குழந்தைகள்.

மருந்து இரண்டு. முதலாவது, திரும்பிப் பாருங்கள். வலது கைக்காரர் இடது காலை முன்னும் வலது காலைப் பின்னும் வைத்து, உடலைச் சற்றுத் திறந்து நின்றால் தலையைத் திருப்பிப் பின் லூப்பைப் பார்க்கலாம் (இடது கைக்காரர்கள் இந்தப் பதிவு முழுக்க வலம் இடமாக மாற்றிக்கொள்ளுங்கள்). லூப் கிட்டத்தட்ட முழுமையாக விரிந்து, நுனியில் சிறு கொக்கி வடிவம் மட்டும் மிச்சமிருக்கும்போது முன்னால் தொடங்குங்கள். முழுக்க விரியும்வரை காத்திருந்தால் லைன் விழத் தொடங்கிவிடும். இரண்டாவது, பின்வீச்சை நிறுத்திய பிறகு, லைன் விரியும் போக்கிலேயே கையையும் ராடையும் மெல்லப் பின்னோக்கி நகர விடுங்கள். இது ட்ரிஃப்ட். க்ரீப்புக்கு நேர் எதிர் அசைவு. பின்னால் போய்க்கொண்டிருக்கும் கை அவசரப்பட்டு முன்னால் வர முடியாது, முன்வீச்சுக்குக் கூடுதல் நீளமும் கிடைக்கும்.

பயிற்சி முறை: 12 மீட்டர் குறியில் தொடங்குங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இறுக்கமான லூப்போடு தொடர்ச்சியாக ஆறு ஃபால்ஸ் காஸ்ட் வரவேண்டும். வந்தால் அரை மீட்டர் கூட்டுங்கள். ஒன்று கெட்டாலும் அரை மீட்டர் குறையுங்கள். அவ்வளவுதான். கேரி 15 மீட்டரில் நிலைத்த பிறகே முழு வீச்சு வீசி அளந்து பாருங்கள். தினமும் நாடாவை விரித்து அளப்பவர்கள் பலத்தைத்தான் வளர்க்கிறார்கள், கேரியை அல்ல.

பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க வீச்சு வீராங்கனை ஜோன் வுல்ஃப் 1960-இல் 161 அடி வீசினார், அதாவது 49 மீட்டர். 1951-இல் ஆண்களோடு போட்டியிட்டுத் தூர வீச்சுப் பட்டம் வென்றவரும் அவரே. தோள் பலம்தான் எல்லாம் என்றால் இது நடந்திருக்காது.

5. ஹால் எப்போது

டபுள் ஹாலைப் போட்டிக் களத்தில் பரவச் செய்தவர் அமெரிக்காவின் மார்வின் ஹெட்ஜ், 1930-களில். இன்றும் பலர் அதை நீளத்தின் கணக்காகப் பார்க்கிறார்கள். நேரத்தின் கணக்காகப் பார்ப்பதே சரி. ராட் கை முதலில் பெரிதும் சாயாமல் முன்னோக்கி நகர்கிறது. பிறகுதான் மணிக்கட்டும் முன்கையும் ராடைச் சுழற்றுகின்றன. ஹாலின் வேகம் உச்சம் தொட வேண்டியது அந்தச் சுழற்சியோடு சேர்ந்து. இரண்டும் ஒன்றாக முடியட்டும். முன்கூட்டியே இழுத்து முடித்துவிட்டால் சுழற்சியின்போது ராடின் சுமை திடீரென்று குறைந்து, மறுபடியும் டெய்லிங் லூப்.

பின்வீச்சிலும் ஹால் அதே வீரியத்தோடு இருக்க வேண்டும். பலரும் பின்னால் பேருக்கு இழுத்துவிட்டு முன்னால் உயிரைக் கொடுத்து இழுக்கிறார்கள். இழுத்து முடித்ததும் லைன் கை உடனே மேலே திரும்பி, விரியும் லைனுக்கு அந்த நீளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கைக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே லைன் தொங்கினால், அடுத்த ஹாலின் பாதி அந்தத் தொங்கலுக்கே போய்விடும்.

6. களத்தில்: தார்ப்பாயும் வரிசையும்

ரீலிலிருந்து நேராக இழுத்துப்போட்ட லைனை வைத்துக்கொண்டு முதல் வீச்சை வீசக் கூடாது. ரீலிலிருந்து முதலில் வரும் முன்பகுதி குவியலின் அடியில் கிடக்கும், பின்பகுதி மேலே இருக்கும். வீசும்போது முதலில் போக வேண்டியது அடியில் இருப்பது. அது மேலே கிடப்பதையும் சேர்த்துச் சுருட்டி இழுத்துக்கொண்டு முதல் வளையத்தில் வந்து மாட்டும். ஒரு சாதாரண வீச்சு வீசி லைனை வெளியே போட்டுவிட்டு, கையால் இழுத்துத் தார்ப்பாயில் பெரிய வளையங்களாக விழவிடுங்கள். இப்போது வரிசை சரியாகிவிடும். போட்டி நேரம் தொடங்கும் முன்னரே இதை முடிக்க விதி அனுமதித்தால் முடித்துவிடுங்கள்.

ஃபால்ஸ் காஸ்ட் நான்கு அல்லது ஐந்து. அதற்கு மேல் போனால் கை தளரும், லூப் அகலும். ஒவ்வொன்றிலும் லைனைக் கொஞ்சம் விட்டுக்கொண்டே போங்கள், பின்வீச்சிலும் விடுங்கள். கேரி குறி கைக்கு வந்ததும், பின்வீச்சு திருப்தியாக இருந்தால் மட்டும் வீசுங்கள். திருப்தியில்லை என்றால் இன்னொரு சுற்று. கெட்ட பின்வீச்சை முன்வீச்சால் காப்பாற்ற முயல்வதில்தான் தோள் வலி வருகிறது.

ராட் நின்ற பிறகே லைனைப் பிடித்திருக்கும் விரலைத் திறக்க வேண்டும். நிற்கும் முன் விட்டால் லூப் சரியும். விட்ட கையால் வளையம் அமைத்து லைனை அதன் வழியே ஓடவிடுங்கள், ராடின் அடிப்பகுதியிலிருந்து கையை விலக்கிப் பிடியுங்கள். அருமையான வீச்சுகள் பல, லைன் ரீலிலோ ராட் அடியிலோ சுற்றிக்கொண்டு பாதியில் செத்துப்போகின்றன.

ஒரு வீச்சு, இழுப்பு, அடுத்ததற்குத் தயாராதல் எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் வரை பிடிக்கும். ஐந்து நிமிடப் போட்டி என்றால் கையில் இருப்பது ஐந்தாறு வீச்சு. முதலாவதைப் பாதுகாப்பாக, எல்லைக்குள், லீடர் முழுதாக விரியும்படி வீசுங்கள். அளப்பது ஃப்ளை விழுந்த இடத்தை. லீடர் மடிந்து விழுந்தால் அதன் நீளத்தில் பெரும்பகுதி போச்சு.

பின்சேர்க்கை: காற்று பற்றி வந்த கேள்விகள்

பின்காற்று வரம் என்று நினைத்து அதில் தடுமாறுபவர்களே அதிகம். பின்காற்றில் பின்வீச்சு காற்றை எதிர்த்துப் போக வேண்டும். அதைத் தாழ்வாக, இறுக்கமான லூப்போடு, முழு ஹாலோடு அனுப்புங்கள். தரைக்கு அருகே காற்றின் வேகம் குறைவு. தாழ்ந்த பின்வீச்சுக்கு நேர் எதிரே முன்வீச்சு தானாகவே உயரும், பிறகு காற்று தூக்கிச் செல்லும். ஆனால் பின்னால் லைன் தரையைத் தொட்டுவிடக் கூடாது. எதிர்காற்றில் இதைத் தலைகீழாக்குங்கள்: பின்வீச்சு உயர, முன்வீச்சு தாழ.

வலது கைக்காரருக்கு வலப்பக்கக் காற்று ஆபத்து, லைனை உடல்மேல் தள்ளும். கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து ராட் நுனியை இடது தோளுக்கு மேல் சாய்த்து வீசுங்கள். தூரம் கொஞ்சம் குறையும். பயிற்சியிலும் போட்டியிலும் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம், ஃப்ளையில் கொக்கி இல்லாவிட்டாலும்.

சிமென்ட் தரையில் பழகலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். லைனின் மேல்பூச்சு உரிந்துவிடும். வெட்டிய புல் அல்லது தண்ணீர், இரண்டில் ஒன்றுதான். புல்லில் பழகிய நாளில் திரும்பியதும் லைனைத் துடைத்து, பெரிய வளையங்களாகச் சுற்றி, தளர்வாகத் தொங்கவிடுங்கள்.